ஆர்ட் ஷெல்: இடது டேக்கிளாக ஆடியவர் தலைமைப் பயிற்சியாளரானபோது – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், 2006ஆம் ஆண்டுப் பருவத்தின் 16 ஆட்டங்களில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் குவாட்டர்பேக்குகள் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்கள்), பந்தை வீசுவதற்கு முன்பே எதிரணியினரால் மடக்கப்பட்டுத் தரையில் வீழ்த்தப்பட்டது 72 முறை. அந்த அணி பருவம் முழுவதிலும் எடுத்த புள்ளிகள் 168. வென்ற ஆட்டங்கள் 2. தோற்றுப்போன அணிகளின் கணக்கு எல்லா விளையாட்டிலும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது, அவற்றையெல்லாம் யாரும் எடுத்துவைத்து ஆராய்வதில்லை. இந்த ஒரு தோல்வியை ஆராயத் தூண்டுவது, அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் யார் என்பதே.

அவர் ஆர்ட் ஷெல். குவாட்டர்பேக்கைக் காப்பதையும் ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதையும் 15 பருவங்கள் தொழிலாகக் கொண்டிருந்து, அதற்காகவே 1989இல், தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் தொழில்முறைக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டவர். 2006இல் அவருக்குக் கீழே தடுப்பு வரிசையைப் பயிற்றுவித்த இருவரில் ஜாக்கி ஸ்லேட்டரும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற டேக்கிள் (தடுப்பு வரிசையின் முனையில் நிற்பவர்); மற்றவரான இர்வ் ஈட்மனும் என்எஃப்எல்லில் டேக்கிளாக ஆடியவர். ஒரு வேலையை இவ்வளவு நெருக்கமாக அறிந்த மூவர் ஒன்றாக இருந்த அணியில் அந்த வேலையே ஆகக் கெட்டுப்போயிற்று. இதே ஷெல்தான் 1989 முதல் 1994 வரை, இதே உரிமையாளரின் கீழ், இதே அணியை நடத்தி 54 ஆட்டங்களை வென்று 38ஐ மட்டுமே இழந்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் கேள்வி முழுமையடைகிறது.

இரண்டு காலங்களிலும் ஷெல்லின் குணமும் அறிவும் ஏறக்குறைய மாறாமல் இருந்தன என்பதே என் வாசிப்பு. வரிசையில் நின்று கற்ற பொறுமையை அவர் தலைமைப் பதவிக்கும் கொண்டுசென்றார். அந்தப் பொறுமைக்கு ஏற்ற ஆட்டக்காரர்களும் எதிரிகளும் அமைந்தபோது அது பலனளித்தது. ஆட்டத்தின் வேகம் மாறிய பிறகு அதுவே அவரைப் பின்தங்க வைத்தது. இதைக் காட்ட அவருடைய தொழில்வாழ்வை வரிசைக்கிரமமாகப் பார்ப்பது அவசியம்.

லைன்மேனின் வேலை

லைன்மேன் என்றவுடன் தமிழ்நாட்டு வாசகருக்கு மின்கம்பத்தில் ஏறி நிற்பவர்தான் நினைவுக்கு வருவார். மின்சாரம் இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை, போனவுடன் ஊரே தேடும் என்ற அளவில் அந்த நினைவு இங்கும் பொருந்தத்தான் செய்கிறது.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குக் களத்தில் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் லைன்மேன்கள் ஐவர் நிற்கிறார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், வரிசையின் இரு முனைகளிலும் டேக்கிள்கள். வழக்கமான ஆட்டத்தில் இந்த ஐவரும் பந்தை ஏந்தி ஓடுவதில்லை, முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்கவும் அவர்களுக்கு அனுமதியில்லை. பந்தோடு ஓடுபவருக்கு இடைவெளி உண்டாக்குவது, பந்தை வீசுகிற குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்களைத் தடுத்து நிறுத்துவது ஆகிய இரண்டுமே அவர்களின் பணி. ஓடியவருக்கு யார்டுக் கணக்கு உண்டு, வீசியவருக்கும் பிடித்தவருக்கும் கணக்கு உண்டு. தடுத்தவருக்கென்று ஆட்ட அட்டவணையில் எதுவும் எழுதப்படுவதில்லை. அவர் தடுக்கத் தவறிய கணமே கணக்கில் ஏறுகிறது.

டேக்கிளின் எதிரே நிற்பவர் பெரும்பாலும் எதிரணியின் மிக வேகமான முரட்டு ஆள். அவர் எந்தப் பக்கம் பாயப்போகிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். டேக்கிளோ பின்னோக்கி அடியெடுத்து வைத்துக்கொண்டே அவருடைய முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் முதலில் பாய்கிற டேக்கிளைச் சுற்றிக்கொண்டு எதிராளி உள்ளே நுழைந்துவிடுவார். இந்த வேலையில் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் அலட்டிக்கொள்ளாதவர்களாகவே இருப்பது தற்செயலன்று. ஷெல் ஆடத் தொடங்கியபோது தடுப்பவர் கைகளை உடலோடு ஒட்டியே வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. கைகளை நீட்டி விரித்த உள்ளங்கையால் தள்ளலாம் என்ற அனுமதி 1978இல்தான் வந்தது. ஆகவே அவருடைய சிறந்த ஆண்டுகள் தடுப்பவருக்குச் சாதகமற்ற விதிகளின் கீழ் கழிந்தவை.

சார்ல்ஸ்டனிலிருந்து ஓக்லண்டுக்கு

ஷெல் 1946 நவம்பர் 26 அன்று தென் கரோலைனா மாநிலத்தின் சார்ல்ஸ்டனில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அவருடைய 15ஆம் வயதில் தாய் இறந்துவிட, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் ஒரு பங்கு அவர் தலையில் விழுந்தது. கறுப்பின மாணவர்களுக்காக இயங்கிய மேரிலண்ட் ஸ்டேட் கல்லூரியில் படித்தார். அங்கே தாக்குதல், தற்காப்பு ஆகிய இரு வரிசைகளிலும் ஆடினார். தெற்கின் பெரிய பல்கலைக்கழக அணிகள் பல அப்போதும் வெள்ளையர் அணிகளாகவே இருந்ததால் இத்தகைய கல்லூரிகளில் திறமை குவிந்து கிடந்தது. அதைத் தேடிச் சென்று எடுப்பதில் ரெய்டர்ஸ் பெயர் பெற்றிருந்தது.

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1968இல் அந்த அணி தேர்ந்தெடுத்த முதல் மூவரைப் பார்த்தாலே இது விளங்கும். முதல் சுற்றில் டென்னஸி ஸ்டேட்டின் எல்ட்ரிட்ஜ் டிக்கி. ஒரு கறுப்பினக் குவாட்டர்பேக்கை முதல் சுற்றில் எடுப்பது அக்காலத்தில் மிக அரிதான காரியம். இரண்டாம் சுற்றில் அலபாமாவின் கென் ஸ்டேப்லர். மூன்றாம் சுற்றில், ஒட்டுமொத்தத்தில் 80ஆவது ஆளாக, ஆர்ட் ஷெல். டிக்கிக்குக் குவாட்டர்பேக் இடம் கிடைக்காமலே போயிற்று என்பது தனியே எழுத வேண்டிய வருத்தமான கதை. மற்ற இருவரும் ஹால் ஆஃப் ஃபேமை அடைந்தார்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள் உதைப்பு ஆட்டங்களுக்கான சிறப்பு அணியில் ஓடிக்கொண்டிருந்த ஷெல், 1970இல் இடது டேக்கிள் இடத்தைப் பெற்றார். அவருக்கு உட்புறம் இடது கார்டாக ஜீன் அப்ஷா, நடுவில் ஜிம் ஆட்டோ. 1969இல் தலைமைப் பயிற்சியாளரான ஜான் மேடனும் ஒருகாலத்தில் லைன்மேன்தான். பிலடெல்பியா ஈகிள்ஸால் தேர்ந்தெடுக்கப்பட்டு, முழங்கால் காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பயிற்சித் துறைக்கு வந்தவர். வரிசையின் மொழி தெரிந்த ஒருவர் தலைமையில் இருந்தால் அணி எப்படி நடக்கும் என்பதை ஷெல் பத்தாண்டுகள் உள்ளிருந்து பார்த்தார்.

இடது டேக்கிளின் மதிப்பைப் பற்றிப் பேசும்போது, வலக்கைக் குவாட்டர்பேக்கின் முதுகுப்புறத்தைக் காப்பவர் அவர் என்ற விளக்கத்தையே எல்லோரும் சொல்கிறார்கள். ஷெல்லின் உச்ச ஆண்டுகளுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. 1973 முதல் 1979 வரை ரெய்டர்ஸின் குவாட்டர்பேக்காக இருந்த ஸ்டேப்லர் இடக்கைக்காரர். இடது பக்கம் அவருடைய கண்முன் இருந்த பக்கம். அப்படியிருந்தும் அணி தன் மிகச் சிறந்த இருவரை இடப்புறத்திலேயே நிறுத்தியதற்குக் காரணம் ஓட்டம். இன்னது செய்யப்போகிறோம் என்று எதிரணிக்குத் தெரிந்தே இருந்தாலும் ஷெல்லுக்கும் அப்ஷாவுக்கும் பின்னால் இடப்பக்கமாக ஓடுவது, தடுக்க முடிந்தால் தடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது – அந்த அணியின் நம்பிக்கை அவ்வளவுதான். இந்த நம்பிக்கையைப் பின்னாளில் பயிற்சியாளர் ஷெல்லிடமும் காணலாம் என்பதால் இதை இங்கே குறித்துவைக்கிறேன்.

அந்த முறையின் உச்சம் 1977 ஜனவரி 9 அன்று பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில் நடந்த, லீக்கின் இறுதி ஆட்டமான 11ஆவது சூப்பர் பவுல். மின்னசோட்டா வைக்கிங்ஸை ரெய்டர்ஸ் 32–14 என்று வென்றது. ஓட்டத்தில் மட்டும் 266 யார்டுகள். அவற்றுள் 137 கிளாரன்ஸ் டேவிஸுக்குரியவை. ஷெல்லுக்கு எதிரே நின்றவர் ஜிம் மார்ஷல். 39 வயதாகியும் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாத, லீக்கே மரியாதையோடு பார்த்த டிஃபென்சிவ் எண்ட், அதாவது தற்காப்பு வரிசையின் முனையில் நிற்பவர். அன்று மார்ஷலின் கணக்கில், பந்து வைத்திருந்தவரைத் தனியாக வீழ்த்தியதாக ஒன்றுகூட இல்லை. பிறரோடு சேர்ந்து வீழ்த்தியதாகவும் ஒன்றுமில்லை. லைன்மேனுக்குப் புள்ளிவிவரம் கிடையாது என்றேன். அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே புள்ளிவிவரம், எதிராளியின் பெயருக்கு நேரே நிற்கும் இந்தப் பூஜ்ஜியமே.

ஷெல் முதல் 11 பருவங்களில் ஓர் ஆட்டமும் விடாமல் 156 ஆட்டங்கள் ஆடினார். 1979இன் முன்பருவக் காயத்துக்குப் பிறகு மீண்டும் தொடர்ந்து 51 ஆட்டங்கள். ஆகமொத்தம் 207. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் புரோ பவுலுக்கு எட்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981 ஜனவரியில் ஈகிள்ஸை 27–10 என்று வென்ற 15ஆவது சூப்பர் பவுல் அவருடைய இரண்டாவது கோப்பை. அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த 1982ஆம் ஆண்டோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

1989 அக்டோபர்

1983இலேயே தடுப்பு வரிசையின் பயிற்சியாளர்களுள் ஒருவராக ஷெல் அதே அணியில் சேர்ந்தார். அந்தப் பருவத்தின் முடிவில், டாம் ஃப்ளோரஸின் தலைமையில், ரெய்டர்ஸ் சூப்பர் பவுலில் வாஷிங்டனை 38–9 என்று வென்றது. மார்க்கஸ் ஆலன் 191 யார்டுகள் ஓடினார். ஃப்ளோரஸ் விலகிய பிறகு 1988இல் உரிமையாளர் அல் டேவிஸ், டென்வரிலிருந்து மைக் ஷனஹனைக் கொண்டுவந்தார். குறுகிய தூரத்துக்கு நேரக்கணக்கோடு பந்து வீசும் புதுமுறை அவருடையது. ரெய்டர்ஸின் பழைய இரத்தத்தோடு அது ஒட்டவில்லை. முதல் ஆண்டு 7–9 (7 வெற்றி, 9 தோல்வி), இரண்டாம் ஆண்டு முதல் நான்கு ஆட்டங்களில் 1–3. 1989 அக்டோபர் 3 அன்று ஷனஹன் நீக்கப்பட்டு ஷெல் தலைமைப் பயிற்சியாளரானார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஹால் ஆஃப் ஃபேமில் டெரி பிராட்ஷா, மெல் பிளவுண்ட், வில்லி வுட் ஆகியோரோடு சேர்க்கப்பட்டிருந்தார். அந்த மேடையில் அவரை அறிமுகம் செய்துவைத்தவரும் டேவிஸே.

இந்த நியமனத்தின் வரலாற்று எடையைச் சொல்லாமல் கடக்க முடியாது. லீக்கின் தொடக்க நாட்களில், 1921இல், ஏக்ரன் அணியை ஃபிரிட்ஸ் போலார்டு என்ற கறுப்பினத்தவர் நடத்தினார். 1920களுக்குப் பிறகு 1989 வரை அந்த இடத்தில் வேறொரு கறுப்பினத்தவர் அமரவில்லை. போலார்டு 1986இல் இறந்துபோனார். தமக்கு அடுத்தவரை அவர் பார்க்கவில்லை. நீண்ட காலமாகவே குவாட்டர்பேக், சென்டர் போன்ற ‘யோசிக்க வேண்டிய’ இடங்களுக்குக் கறுப்பின ஆட்டக்காரர்கள் அரிதாகவே அனுமதிக்கப்பட்டனர். அந்த இடங்களில் ஆடியவர்களையே பயிற்சியாளர் பதவிக்குரியவர்களாகப் பார்க்கும் பழக்கமும் இருந்தது. இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருந்தன. ஷெல் டேக்கிளாக இருந்து, வரிசைப் பயிற்சியாளராகி, தாக்குதலையோ தற்காப்பையோ முழுவதுமாகக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் என்ற இடைப்படியை மிதிக்காமலே தலைமைக்கு வந்தார். இது டேவிஸ் போன்ற, தன் வீட்டு ஆட்களை மட்டுமே நம்பிய ஒருவரின் அணியில்தான் அன்று நடக்கக்கூடியதாக இருந்தது. அவருடைய பலமும் பின்னாளைய பலவீனமும் இந்த ஒரே வாசலிலிருந்துதான் வந்தன என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 9 அன்று நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான திங்கள் இரவு ஆட்டம் அவருக்கு முதலாவது. 14–7 என்று வென்றார்.

54–38

ஷெல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. முரட்டு ஓட்டம், அதற்குப் பதில்சொல்ல எதிரணி முன்னேறி வந்தால் அதன் தலைக்கு மேல் நெடுந்தூர வீச்சு என்ற பழைய ரெய்டர்ஸ் முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். எஞ்சிய 12 ஆட்டங்களில் 7–5. அடுத்த ஆண்டு, 1990இல், 12–4 கணக்கோடு பிரிவில் முதலிடம். மார்க்கஸ் ஆலனும், பேஸ்பால் பருவம் முடிந்ததும் வந்து சேரும் போ ஜாக்சனும் அந்த வரிசைக்குப் பின்னால் ஓடினார்கள். பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்த ஷெல் வெற்றியிலும் தோல்வியிலும் முகம் மாறாதவர் என்று பெயரெடுத்தார்.

1991 ஜனவரி 13 அன்று சின்சினாட்டி பெங்கால்ஸை 20–10 என்று வென்ற பிளேஆஃப் (வழக்கமான பருவத்துக்குப் பிந்திய, தோற்றால் வெளியேறும்) ஆட்டத்தில் போ ஜாக்சனுக்கு இடுப்பில் காயம் பட்டது. அவர் மறுபடி கால்பந்து ஆடவேயில்லை. ஒரு வாரம் கழித்து, பஃபலோவில், சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே, ரெய்டர்ஸ் 51–3 என்று நசுங்கியது. இடைவேளையின்போதே 41–3.

இந்த ஆட்டத்தில்தான் நான் சற்று நிற்க விரும்புகிறேன். ஜாக்சன் இல்லாதது ரெய்டர்ஸ் ஏன் மூன்றே புள்ளிகள் எடுத்தது என்பதற்கு ஓரளவு காரணமாகலாம். 51 புள்ளிகளை ஏன் கொடுத்தது என்பதற்கு ஆகாது. பஃபலோ அந்தப் பருவத்தில், ஆட்டத்தின் ஒரு நகர்வுக்கும் அடுத்த நகர்வுக்கும் இடையே வட்டமாகக் கூடி ஆலோசிக்கும் வழக்கத்தையே கைவிட்டு, குவாட்டர்பேக் ஜிம் கெல்லி வரிசைக்கு அருகில் நின்றபடியே அடுத்த நகர்வைக் கூவி அறிவிக்கும் வேகமுறைக்கு மாறியிருந்தது. எதிரணிக்கு ஆட்களை மாற்றவும் மூச்சு வாங்கவும் நேரமில்லை. ஒவ்வொரு நகர்விலும் எதிராளி முடிவெடுக்கக் காத்திருந்து, அவன் வந்ததும் வலிமையால் நிறுத்துவது என்பதில் ஊறிய ஓர் அணிக்கு, காத்திருக்கும் இடைவெளியையே அகற்றிவிட்ட எதிரி வாய்த்தான். தாக்குதலிலும் ஆறு முறை பந்து எதிரணியின் கையில் பிடிபட்டது. முறை சரியாக இருந்து நாள் கெட்டுப்போன தோல்வி என்று அன்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். பின்னோக்கிப் பார்த்தால், 2006இன் முதல் அறிகுறி அங்கேயே தெரிகிறது.

அடுத்த ஆண்டுகளில் பெரிய சரிவும் இல்லை, பெரிய ஏற்றமும் இல்லை. 1991இல் 9–7, புதுமுகக் குவாட்டர்பேக் டாட் மரினோவிச்சை வைத்துக்கொண்டு கன்சாஸ் சிட்டியிடம் 10–6 என்று பிளேஆஃபில் வெளியேறினார்கள். 1992இல் 7–9. 1993இல் ஜெஃப் ஹாஸ்டட்லர் வந்த பிறகு 10–6. டென்வரை 42–24 என்று வென்று, மறுபடியும் பஃபலோவில் 29–23 என்று தோற்றார்கள். 1994இல் 9–7 கணக்கோடு பிளேஆஃபைத் தவறவிட்டதும், 1995 தொடக்கத்தில் டேவிஸ் ஷெல்லை நீக்கினார். அந்த முடிவு தவறென்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். டேவிஸ் தன் தவறுகளை ஒப்புக்கொள்ளும் இயல்பினரல்லர் என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள்

வென்றவை தோற்றவற்றைவிட 16 அதிகம் என்ற கணக்கோடு வெளியேறிய ஒரு பயிற்சியாளருக்கு, அதன்பின் 11 ஆண்டுகள் எந்த அணியிலும் தலைமைப் பதவி கிடைக்கவில்லை. 2002இல் வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மெஹ்ரியும் வெளியிட்ட அறிக்கை, கறுப்பினப் பயிற்சியாளர்கள் கூடுதலாக வென்றும் எளிதில் நீக்கப்படுவதைக் கணக்கோடு எடுத்துக்காட்டியது. தலைமைப் பதவிக்குச் சிறுபான்மையினத்தவர் ஒருவரையேனும் நேர்காண வேண்டும் என்ற ரூனி விதி அதைத் தொடர்ந்து 2003இல் வந்தது. ஷெல்லின் காத்திருப்பு அந்த விதிக்கு முந்திய காலத்தின் நேர்ச்சான்று.

இந்த ஆண்டுகளில் அவர் தம் பழைய வேலைக்குத் திரும்பினார். திரும்பிய இடத்தில் அவருடைய கைத்திறன் குறையவில்லை. 1995இல் கன்சாஸ் சிட்டியில் அவர் வரிசைப் பயிற்சியாளராகச் சேர்ந்த பருவத்தில் அந்த அணி 13–3 என்று முடித்து, ஓட்ட யார்டுகளில் லீக்கில் முதலிடம் பெற்றது. பழைய மாணவர் மார்க்கஸ் ஆலன் அங்கே அவருக்காகக் காத்திருந்தார் என்றே சொல்லலாம். பிறகு அட்லாண்டா. 1998இல் ஷெல் பயிற்றுவித்த வரிசைக்குப் பின்னால் ஜமால் ஆண்டர்சன் 410 முறை பந்தை ஏந்தி 1,846 யார்டுகள் ஓடினார். அணி 14–2 என்று முடித்து அதன் முதல் சூப்பர் பவுலை எட்டியது. அங்கே அவர்களை 34–19 என்று தோற்கடித்த டென்வரின் பயிற்சியாளர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஷெல்லுக்கு இடம்விட்டு வெளியேறிய அதே மைக் ஷனஹன். அந்த ஆண்டுகளில் ஷனஹன் தம் முறையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். ஷெல் ஐந்து பேரைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். இரண்டும் மதிக்கத்தக்க வேலைகள். எனினும் தலைமைப் பதவிக்கு ஆயத்தமாக்கியது முதலாவதுதான்.

அட்லாண்டாவை விட்டு வந்த பிறகு லீக்கின் தலைமை அலுவலகத்தில் மூத்த துணைத் தலைவராகப் பணியாற்றினார். களத்தின் அன்றாடத்திலிருந்து அது அவரை மேலும் தள்ளிவைத்தது.

2006

ரெய்டர்ஸ் 2003, 2004, 2005 ஆகிய மூன்று பருவங்களில் சேர்த்தே 13 ஆட்டங்கள் வென்றிருந்தது. பழைய பெருமையை மீட்பவர் பழைய வீட்டு ஆளாகத்தான் இருக்க முடியும் என்று எண்ணிய டேவிஸ், 2006 பிப்ரவரியில் ஷெல்லைத் திரும்ப அழைத்தார். ஷெல்லும் அதே எண்ணத்தோடு தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக டாம் வால்ஷைத் தேர்ந்தெடுத்தார். தம் முந்தைய காலத்தில் அதே பொறுப்பில் இருந்த வால்ஷ், 1994க்குப் பிறகு என்எஃப்எல்லில் பணியாற்றாதவர். அழைப்பு வந்த சமயத்தில் ஐடஹோவில் விருந்தினர் விடுதி நடத்திக்கொண்டிருந்தார். நாளிதழ்கள் இதைக் கேலியாக எழுதித் தீர்த்தன. விடுதி நடத்தியதில் இழிவேதுமில்லை. அவர் விலகியிருந்த 11 பருவங்களில் ஆட்டம் எவ்வளவு மாறியிருந்தது என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மாற்றத்தின் சாரத்தைச் சொல்கிறேன். நெடுந்தூர வீச்சுக்குக் குவாட்டர்பேக் ஏழு காலடி பின்வாங்க வேண்டும். அதுவரை வரிசை தாக்குப்பிடிக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் எதிரே பாய்பவர்கள் பெரும்பாலும் வரிசையில் தரையில் கையூன்றி நின்ற நால்வர். 2006இல் பல அணிகள் மூவரை மட்டும் வரிசையில் நிறுத்தி, நான்காமவராகப் பாயப்போவது யார், எங்கிருந்து என்பதை மறைத்துவைத்தன. ரெய்டர்ஸின் பிரிவிலேயே இருந்த சான் டியேகோ சார்ஜர்ஸில் அப்படிப் பாய்ந்த ஷான் மெரிமன் அந்தப் பருவத்தில் 17 முறை குவாட்டர்பேக்குகளை வீழ்த்தி லீக்கில் முதலிடம் பெற்றார். இத்தகைய தற்காப்புக்கு மற்ற அணிகள் கண்ட விடை, பந்தைச் சீக்கிரம் கைவிடுவது. வால்ஷின் முறையோ பந்தை வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னது.

செப்டம்பர் 11 அன்று சொந்த அரங்கில் அதே சார்ஜர்ஸ் 27–0 என்று வென்றது. அன்று ஓர் இரவில் மட்டும் ரெய்டர்ஸின் குவாட்டர்பேக்குகள் வீழ்த்தப்பட்டது 9 முறை. அடுத்த ஆட்டத்தில் குவாட்டர்பேக் ஆரன் புரூக்ஸ் காயப்பட, அனுபவமில்லாத ஆண்ட்ரூ வால்டர் அந்த இடத்தில் நிறுத்தப்பட்டார். முதல் ஐந்து ஆட்டங்களும் தோல்வி. பிறகு அரிசோனாவை 22–9 என்றும், நடப்பு வாகையரான பிட்ஸ்பர்க்கை 20–13 என்றும் வென்றார்கள். பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் ரெய்டர்ஸின் தாக்குதல் மொத்தமாக நகர்ந்தது வெறும் 98 யார்டுகள். எதிரணி வீசிய பந்தைத் தற்காப்பு வீரர்கள் பறித்துக்கொண்டு ஓடி எடுத்த இரண்டு டச்டவுன்களே ஆட்டத்தை வென்று கொடுத்தன. நல்ல தற்காப்பு ஒன்று அந்த அணியில் இருந்தது என்பது இத்தோல்விக் கணக்கில் பலரும் மறந்துவிடும் செய்தி. நவம்பர் இறுதியில் வால்ஷிடமிருந்து பொறுப்பு பறிக்கப்பட்டு ஜான் ஷூப்பிடம் தரப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு வெற்றியும் வரவில்லை. பருவத்தில் மூன்று ஆட்டங்கள் ஒரு புள்ளியும் எடுக்காமல் முடிந்தன.

72 என்ற எண்ணில் வரிசையின் பங்கு எவ்வளவு, முறையின் பங்கு எவ்வளவு என்று கறாராகப் பிரிக்க இயலாது. குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு நின்றால் எந்த டேக்கிளும் ஒரு கட்டத்தில் தோற்கத்தான் செய்வார். இதை ஷெல்லைவிட நன்றாக அறிந்தவர் அந்த அரங்கில் இருந்திருக்க முடியாது. எனவே அறியாமை என்ற விளக்கம் நிற்காது. தாம் ஆடிய நாட்களில் அவர் தாக்குப்பிடித்தார். தாக்குப்பிடிக்கும் ஆளைக் கண்டுபிடித்தால் முறை சரியாகிவிடும் என்ற எண்ணத்திலிருந்து அவரால் வெளிவர முடியவில்லை என்றே நான் கொள்கிறேன். தேர்ந்த கைவினைஞர்களுக்கு நேரும் சங்கடம் இது: தமக்கு இயன்றதையே வேலையின் இயல்பான அளவாகக் கொண்டுவிடுகிறார்கள். டேவிஸின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. நெடுந்தூர வீச்சு அவருடைய வாழ்நாள் மோகம். அதை மறுக்கும் பயிற்சியாளர் அங்கே நீடிப்பது கடினம். ஷனஹன் அதற்கு உதாரணம்.

2007 ஜனவரி 4 அன்று ஷெல் நீக்கப்பட்டார். இரு காலங்களையும் சேர்த்து அவருடைய கணக்கு 56 வெற்றி, 52 தோல்வி. அவருக்குப் பதிலாக வந்தவர் 31 வயது லேன் கிஃபின்.

அடுத்த பருவத்தில் நடந்த ஒரு சிறு மாற்றத்தையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 2004 டிராஃப்டில் ஒட்டுமொத்தத்தில் இரண்டாமவராக எடுக்கப்பட்ட ராபர்ட் கேலரியை, 2006இல் ஷெல்லின் அணி வலப்புறத்திலிருந்து மாற்றி இடது டேக்கிளாக நிறுத்தியிருந்தது. ஒருகாலத்தில் ஷெல் நின்ற அதே இடம். கேலரி அங்கே திணறினார். 2007இல் புதிய வரிசைப் பயிற்சியாளர் டாம் கேபிள் அவரை ஓர் ஆள் உள்ளே தள்ளி இடது கார்டாக, ஒருகாலத்தில் அப்ஷா நின்ற இடத்தில், நிறுத்தினார். அடுத்த சில ஆண்டுகள் கேலரி அந்த இடத்தில் நிலையாக ஆடினார்.